ஸ்விட்சர் சிமுலேட்டர்: விரல் பழகுது, காது பழகலை

எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆறு மாசமா ஒரு பழைய லேப்டாப் நிரந்தரமா உட்கார்ந்திருக்கு. அதில் ஓடுவது ஒரு வீடியோ ஸ்விட்சரின் கன்ட்ரோல் பேனல். மேல் வரிசையில் புரோகிராம் பட்டன்கள், கீழ் வரிசையில் பிரிவியூ பட்டன்கள், வலது பக்கம் கட், ஆட்டோ, பக்கத்திலேயே ஒரு டி-பார். பிரிவியூவில் 3ஐ அழுத்தினால் 3 பச்சையாகும். கட் அடித்தால் அந்த 3 மேலே போய்ச் சிவப்பாகும், அதுவரை சிவப்பாக இருந்தது கீழே வந்து பச்சையாகும். நிஜ ஸ்விட்சரில் நடப்பது அப்படியே நடக்கும். ஆனால் ஒரு கேமராகூட அதில் சொருகப்பட்டிருக்காது. எதிர்முனையில் நிஜப் பெட்டி இருப்பதாக அந்தப் பேனலை நம்பவைக்கும் சின்ன புரோகிராம் ஒன்று பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். பிசி சிமுலேட்டர் என்று சொல்வது இதைத்தான்.

இதைப் பற்றி எழுத நினைத்ததற்குக் காரணம் நான் இல்லை. எங்கள் லைவ் குழுவில் கிராபிக்ஸ் போடும் ஒரு பெண் இந்தச் சிமுலேட்டரில் தினமும் ராத்திரி பயிற்சி எடுத்து, ஒரு கல்யாண ரிசப்ஷனில் முதல்முறையாக நிஜ பேனலில் உட்கார்ந்தார். அன்றைக்கு என்ன ஆச்சு என்பதை யோசித்து யோசித்துத்தான் சிமுலேட்டர் எதைக் கற்றுத் தருது, எதை விட்டுடுது என்று எனக்கே ஒரு தெளிவு வந்தது. நாங்கள் பயன்படுத்திய சிமுலேட்டரின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. நான் சொல்லும் குறை ஒரு கம்பெனியின் குறை இல்லை, இந்த வகைக் கருவியின் குறை.

முதலில் ஸ்விட்சர் என்றால் என்ன என்று இரண்டு வரி. தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். நாலு கேமரா, ஒரு கிராபிக்ஸ் கம்ப்யூட்டர், ஒரு வீடியோ பிளேயர் எல்லாம் ஒரு பெட்டிக்குள் வந்து சேரும். அதில் எது இப்போது வெளியே போகணும் என்று முடிவு செய்வதுதான் ஸ்விட்சர். வெளியே போவது புரோகிராம், அடுத்து போகக் காத்திருப்பது பிரிவியூ. சட்டென்று மாற்றினால் கட். டி-பாரைக் கையால் மெதுவாகத் தள்ளினால் ஒரு படம் கரைந்து இன்னொன்று வரும். படத்தின் மேல் பெயர் எழுத்து உட்காரவைப்பது கீயர். இந்த மொத்த அடுக்கும் சேர்ந்தது ஒரு எம்-இ. நம்ம ஊர் சேனல்களில் இந்த இருக்கையில் இருப்பவரை ஆன்லைன் எடிட்டர் என்பார்கள். கல்யாண வேலையில் மிக்ஸிங் பண்றவர்.

டி-பாரை நீங்கள் பார்த்திருக்கவும் வாய்ப்பு உண்டு. 1977ல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் டெத் ஸ்டார் ஒரு கிரகத்தையே பொசுக்கும் காட்சி ஞாபகம் இருக்கா? ஹெல்மெட் போட்ட ஒருவர் ஒரு பேனலில் நெம்புகோலை இழுப்பார். அந்தப் பேனல் விண்வெளிக்காகச் செய்தது இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் ஒரு டிவி நிலையத்தில் இருந்த கிராஸ் வேலி கம்பெனியின் 1600 வரிசை ஸ்விட்சர் அது. அவர் இழுப்பது அதன் டி-பாரை. இன்னொரு விஷயம் கவனியுங்கள்: அந்தக் காட்சியிலும் ஒரு குரல் உத்தரவு கொடுத்த பிறகுதான் அவர் கை நகருது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

சிமுலேட்டர் ஏன் சாத்தியமாகுது

இன்றைய ஸ்விட்சரில் பேனல் வேறு, வேலை செய்யும் பெட்டி வேறு. பேனலில் ஒரு பட்டனை அழுத்தினால் பேனல் தானாக எதையும் மாற்றுவதில்லை. "3ஐப் பிரிவியூவில் போடு" என்று நெட்வொர்க் வழியே பெட்டிக்கு ஒரு செய்தி அனுப்பும். பெட்டி அதைச் செய்துவிட்டு "போட்டாச்சு" என்று பதில் அனுப்பும். அந்தப் பதில் வந்த பிறகுதான் பட்டனில் விளக்கு எரியும். பிளாக்மேஜிக் கம்பெனியின் ஏடெம் ஸ்விட்சர்கள் இந்த முறைக்கு நல்ல உதாரணம். அதன் கட்டுப்பாட்டு மென்பொருளை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் எதிர்முனையில் பெட்டி இல்லையென்றால் பட்டன்கள் எதற்கும் அசையாது.

இதிலிருந்து ஒன்று புரியுது. பெட்டி போலவே பதில் சொல்லும் ஒரு புரோகிராம் எழுதிவிட்டால் பேனலுக்கு வித்தியாசமே தெரியாது. சில தயாரிப்பாளர்கள் தாங்களே இதைச் செய்து தருகிறார்கள். சில ஸ்விட்சர்களுக்கு ஆர்வலர்கள் அந்தச் செய்திப் பரிமாற்றத்தை உட்கார்ந்து ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அதனால் சிமுலேட்டரில் நாம் பழகும் பேனல் போலி இல்லை. அதே மென்பொருள், அதே மெனு, அதே பட்டன். இது சின்ன விஷயம் இல்லை. லட்சக்கணக்கில் விலை போகும் கருவியின் பாதியை ஒரு பைசா செலவில்லாமல் வீட்டில் வைத்துப் பழகலாம்.

யாருக்கு இது முக்கியம்? பேனலில் கை வைக்க வாய்ப்பே கிடைக்காதவர்களுக்கு. ஓபி வேனிலோ மிக்ஸிங் மேசையிலோ புதுசா வர்றவங்களை யாரும் லேசில் உட்காரவிட மாட்டாங்க. அதில் நியாயமும் இருக்கு. தாலி கட்டும் நொடி ஒரு தடவைதான் வரும், இன்னொரு டேக் கேட்க முடியாது. அதனால் அனுபவம் உள்ளவருக்குத்தான் இருக்கை, இருக்கையில் உட்கார்ந்தால்தான் அனுபவம். இந்தச் சுற்றில் சிக்கி வருஷக்கணக்கா கேபிள் சுற்றுவதோடு நின்றுபோன பையன்களை எனக்குத் தெரியும். எங்க கிராபிக்ஸ் பெண் மூன்று வருஷமா பேனலுக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து பெயர் தட்டிக்கொண்டிருந்தார். "அண்ணா, ஒரே ஒரு பாட்டு மட்டும் நான் அடிக்கட்டா?" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். எனக்கே பயம். அதனால்தான் லேப்டாப்பில் சிமுலேட்டரைப் போட்டுக் கொடுத்தேன்.

எதை நன்றாகக் கற்றுத் தருது

பாராட்ட வேண்டியதை முதலில் பாராட்டிடறேன். ஒரு நிகழ்ச்சிக்கு முன்னால் செய்ய வேண்டிய அமைப்பு வேலை முழுவதையும் சிமுலேட்டரிலேயே கற்றுக்கொள்ளலாம். எந்த இன்புட் எந்தப் பட்டனில், எல்இடி வாலுக்கு எந்த அவுட்புட், பெயர் எழுத்து எந்தக் கீயரில் என்பதெல்லாம்.

கீயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கிராபிக்ஸ் கம்ப்யூட்டரில் இருந்து ஒரு பெயர்ப்பட்டை வரும்போது பல சமயம் அது இரண்டு சிக்னலாக வரும். ஒன்று ஃபில், அதாவது பட்டையின் நிறமும் எழுத்தும். இன்னொன்று கீ, அதாவது எந்த இடம் தெரியணும், எந்த இடம் ஊடுருவணும் என்று சொல்லும் கறுப்பு-வெள்ளைப் படம். இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு அசிங்கமான பெட்டி வந்து நிற்கும். இதை எந்த மெனுவில், எந்த வரிசையில் சரி செய்வது என்று பதற்றமில்லாமல் ஐம்பது தடவை செய்து பார்க்க சிமுலேட்டரைவிட நல்ல இடம் கிடையாது.

மேக்ரோவும் அப்படித்தான். நாலைந்து கட்டளையை ஒரே பட்டனில் கட்டி வைப்பதுதான் மேக்ரோ. தப்பாகக் கட்டினால் லைவில் ஒரே அழுத்தில் நாலு தப்பு வரும். சிமுலேட்டரில் கட்டினால் விளக்குகளைப் பார்த்தே எந்தப் படியில் தப்பு என்று கண்டுபிடிக்கலாம். எங்க பெண் இதில் என்னைவிடத் தேர்ந்துவிட்டார். ரிசப்ஷன் அன்றைக்கு ஓடிய எல்லா மேக்ரோவும் அவர் வீட்டில் கட்டிக் கொண்டுவந்ததுதான். ஒன்றுகூடச் சொதப்பவில்லை.

அதனால்தான் துணிந்து உட்காரவைத்தேன்.

அன்றைக்கு நடந்தது

சாயங்கால ரிசப்ஷன். நாலு கேமரா: ஒன்று வைட், இரண்டாவது கிரேன், மூன்றாவது மேடைக்கு நெருக்கமாக, நாலாவது மெல்லிசைக் குழு பக்கம். எங்க டைரக்டர் அண்ணன் இன்டர்காமில். முதல் அரைமணி நேரம் நான் அடித்தேன். பாட்டு ஆரம்பித்ததும் எழுந்து, "வாம்மா, உட்காரு" என்றேன்.

டைரக்டர் சொன்னார்: "டூ ரெடி…"

அவர் "டேக்" சொல்வதற்குள் 2 சிவப்பாகிவிட்டது. கிரேன் அப்போது இடம் மாறிக்கொண்டிருந்தது. எல்இடி வால் முழுக்க மண்டபத்துச் சீலிங்கும் ஒரு ஃபேனும். இரண்டு நொடிதான் இருக்கும். அடுத்து, "த்ரீ ரெடி… இல்ல இல்ல, ஃபோர்." இதற்குள் 3 போயாச்சு, பிறகு 4. மூன்றாவது முறை டைரக்டர் கொஞ்சம் குரலை உயர்த்தியதும் அடுத்த "டேக்"குக்கு அவர் கை அசையவே இல்லை. பாட்டு முடிவதற்குள் டைரக்டர் என்னைக் கூப்பிட்டு மறுபடி உட்காரச் சொன்னார்.

வேனில் திரும்பி வரும்போது ரொம்ப நேரம் பேசாமல் வந்தார். பிறகு ஒரே ஒரு வாக்கியம்: "அண்ணா, நான் ஒரு பட்டனைக்கூட மாத்தி அழுத்தலை."

அது உண்மை. ரிக்கார்டிங்கைப் போட்டுப் பார்த்தேன். 2 என்றபோது 2தான் போயிருக்கு, 3 என்றபோது 3தான். விரல் ஒரு இடத்திலும் தப்பவில்லை. அப்படியானால் எங்கே தப்பு?

என் முதல் கணிப்பு தப்பு

சிமுலேட்டரில் படம் இல்லாததுதான் குறை என்று நினைத்தேன். யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். படமே இல்லாமல் கட் பண்ணிப் பழகினால் எப்போது கட் பண்ணணும் என்று எப்படித் தெரியும்? நியாயமாகத்தான் தோணுச்சு.

அதனால் ஓபிஎஸ் போட்டேன். அது இலவசம், அதன் ஸ்டுடியோ மோடில் பிரிவியூ, புரோகிராம் இரண்டும் உண்டு. பழைய நிகழ்ச்சி ஒன்றின் நாலு கேமரா ரிக்கார்டிங்கை ஒரே நேரத்தில் தொடங்கும்படி நறுக்கி நாலு சீனாக வைத்தேன். முயற்சி செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு: மீடியா சோர்ஸின் அமைப்பில், அது திரைக்கு வரும்போதெல்லாம் முதலில் இருந்து ஓடும்படி ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடணும். இல்லாவிட்டால் ஒவ்வொரு கட்டிலும் பாட்டு முதலில் இருந்து தொடங்கி மானத்தை வாங்கும். மல்டிவியூவையும் திறந்து ஒரு டிவியில் போட்டால் கிட்டத்தட்ட மிக்ஸிங் மேசை மாதிரியே இருக்கும்.

ஓபிஎஸ்ஸை ஸ்விட்சர் பயிற்சிக்கு முழு மாற்றாக நினைக்கக் கூடாது என்பதையும் சொல்லிடணும். அதில் ஒரு சீன் என்பது படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய அட்டை மாதிரி. ஸ்விட்சரில் அப்படி இல்லை. பட்டன் வரிசை தனி, அதன் மேல் கீயர்கள் தனி. கேமரா மாறினாலும் பெயர்ப்பட்டை அப்படியே நிற்கும். ஓபிஎஸ்ஸில் மட்டும் பழகியவர் நிஜ பேனலுக்கு வந்தால் "அந்தப் பெயரோட இருக்கற கேமரா 1 எங்கே?" என்று தேடுவார். அதனால் அமைப்புக்கு சிமுலேட்டர், படத்துக்கு ஓபிஎஸ் என்று பிரித்துக்கொண்டோம்.

என்ன ஆச்சு? ஓபிஎஸ்ஸில் அருமையாக அடித்தார். மூன்றாவது சுற்றில் கிரேன் எப்போது நிற்கும், பாடகர் எப்போது திரும்புவார் எல்லாம் மனப்பாடம். கட் எல்லாம் தாளத்தில் விழுது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதில் அவர் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. எப்போது கட் என்பதை அவரே முடிவு செய்கிறார். ரிசப்ஷனில் விழுந்த அடி இதில் இல்லவே இல்லை.

"டூ" என்றால் என்ன அர்த்தம்

சிமுலேட்டரில் பழகும்போது நம் மனசுக்குள் ஒரு பழக்கம் உருவாகுது. எண் வந்தால் பட்டன். நாமே மனசில் "2" என்று நினைக்கிறோம், உடனே அழுத்துகிறோம். நினைப்புக்கும் அழுத்துவதற்கும் நடுவில் யாரும் இல்லை. ஆயிரம் தடவை இப்படிச் செய்தால் 2 என்ற சொல்லே விரலை இழுக்கும்.

நிஜத்தில் "டூ ரெடி" என்பது அழுத்தச் சொல்லும் சொல் இல்லை. அது முக்கியமாகக் கேமராமேனுக்குப் போகும் செய்தி: "அடுத்து நீ, படத்தை நிறுத்து, ஃபோகஸ் பார்." ஸ்விட்சரில் இருப்பவர் அதைக் கேட்டு 2ஐப் பிரிவியூவுக்குக் கொண்டுவரணும். பல அமைப்புகளில் அப்படிக் கொண்டுவந்ததும் அந்தக் கேமராவின் டேலி விளக்கு பச்சையாகும். காதில் சத்தம் சரியாகக் கேட்காவிட்டாலும் கேமராமேன் பச்சையைப் பார்த்து ஆடாமல் நிற்பார். பிறகு "டேக்" வரும். அப்போதுதான் கட்.

இதை யோசித்தால் பிரிவியூ பட்டன் நமக்கான வசதி மட்டும் இல்லை, இன்னொரு மனுஷனுக்கு நாம் சொல்லும் சொல். சிமுலேட்டரில் அந்த மனுஷன் இல்லை. அதனால் பிரிவியூவைத் தாண்டி நேரடியாகப் புரோகிராம் வரிசையிலேயே அடிப்பது அங்கே வேகமாகவும் கெட்டிக்காரத்தனமாகவும் தோணும். யாருக்கும் நஷ்டம் இல்லையே. எங்க பெண்ணுக்கும் அந்தப் பழக்கம் வந்திருந்தது. நான் கவனிக்கவில்லை. சொல்லப்போனால் "என்னா வேகம்!" என்று பாராட்டியே இருக்கேன்.

வேகம் என்ற விஷயத்தையும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம்ம நாட்டு டிவியில் ஒரு நொடிக்கு 25 ஃபிரேம். ஒரு ஃபிரேம் 40 மில்லி செகண்ட். ஒரு சத்தத்தைக் கேட்டு விரலை அசைக்க மனுஷனுக்குச் சுமார் கால் நொடி பிடிக்கும் என்று வைத்தாலும் அது ஆறு ஃபிரேம்தான். ஒரு கட் ஆறு ஃபிரேம் தாமதமானதை ரிசப்ஷனில் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. இரண்டு நொடி சீலிங் ஃபேன் என்பது 50 ஃபிரேம். பெரியப்பா, சித்தி, அமெரிக்காவில் லைவ் பார்க்கிற மருமகன் எல்லாரும் பார்த்துவிடுவார்கள். காத்திருக்கத் தெரியாததால் வரும் தப்புதான் பெரிசு. சிமுலேட்டரோ வேகத்துக்கு மட்டும் பரிசு கொடுக்குது.

லிங்க் டிரெய்னர் வைத்திருந்த மேசை

சிமுலேட்டர் என்றாலே எல்லாரும் விமானத்தைத்தான் உதாரணம் சொல்வார்கள். நானும் அங்கேதான் போகப்போகிறேன், ஆனால் வேறு காரணத்துக்காக.

அமெரிக்காவில் பிங்ஹாம்டன் என்ற ஊரில் எட்வின் லிங்க் என்பவர் 1920களின் கடைசியில் ஒரு பயிற்சி இயந்திரம் செய்தார். அவர் குடும்பத் தொழில் ஆர்கன் வாத்தியம் செய்வது. ஆர்கனில் காற்றடிக்கும் துருத்திகளை வைத்தே ஒரு குட்டி விமானத்தை ஆட்டி அசைக்கும்படி கட்டினார். முதலில் அதைப் பெரிதாக யாரும் மதிக்கவில்லை. 1934ல் அமெரிக்க ராணுவ விமானிகளிடம் தபால் கொண்டுபோகும் வேலை ஒப்படைக்கப்பட்டது. மோசமான வானிலையில், வெளியே எதுவும் தெரியாத நிலையில் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டத் தெரியாமல் பலர் விழுந்து செத்தார்கள். அதற்குப் பிறகுதான் ராணுவம் ஆறு லிங்க் டிரெய்னர்களை வாங்கியது. இரண்டாம் உலகப்போரில் அது ஆயிரக்கணக்கில் போனது.

லிங்க் டிரெய்னரில் வெளிக்காட்சி கிடையாது. மேலே மூடி போட்டு மூடிவிடுவார்கள், உள்ளே கருவிகள் மட்டும். படம் இல்லாத சிமுலேட்டர்தான் அதுவும். ஆனாலும் உயிரைக் காப்பாற்றியது. ஏன்? ஒரு காரணம், அது கற்றுக்கொடுக்க வந்ததே வெளியே தெரியாதபோது ஓட்டும் வேலையை. இன்னொரு காரணம் படங்களைப் பார்த்தால் தெரியும். குட்டி விமானத்துக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு மேசை இருக்கும். அங்கே பயிற்சியாளர் உட்கார்ந்திருப்பார். உள்ளே இருப்பவரின் ஹெட்போனில் பேசுவார், ரேடியோ சிக்னல் அனுப்புவார். மேசை மேல் விரித்த வரைபடத்தில் மூன்று சக்கர வண்டி போன்ற ஒரு சின்னக் கருவி, மாணவர் போகும் பாதையை மையால் கோடு போட்டுக்கொண்டே போகும். இறங்கியதும் அந்தக் கோட்டைக் காட்டி, "இங்கே நான் என்ன சொன்னேன், நீ என்ன செய்தே, பார்" என்பார்.

நம்ம ஸ்விட்சர் சிமுலேட்டர் அந்தக் குட்டி விமானத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மேசையை விட்டுவிட்டது. என் விமர்சனம் மொத்தமும் இதுதான். படம் இல்லாததைப் பொறுத்துக்கொள்ளலாம். காதில் ஒரு குரல் இல்லாததும், அந்தக் குரலுக்கு நாம் என்ன செய்தோம் என்ற கோடு இல்லாததும்தான் பெரிய குறை.

மேசையை நாங்களே போட்டோம்

செலவு ஒன்றும் இல்லை. அவர் சிமுலேட்டர் முன்னால், பக்கத்து டிவியில் நாலு கேமரா மல்டிவியூ. நான் அடுத்த அறையில் இருந்து போனில் பேசுவேன், அவர் காதில் இயர்போன். பேனல் திரையையும் என் குரலையும் சேர்த்து ரிக்கார்ட் செய்துகொண்டோம். பேனலும் டிவியும் ஒன்றோடொன்று இணையவில்லை, கட் அடித்தால் டிவியில் எதுவும் மாறாது. ஆனாலும் எந்தச் சொல்லுக்கு எந்த விளக்கு எப்போது மாறியது என்று ரிக்கார்டிங்கில் தெளிவாகத் தெரியும். அதுதான் எங்க மைக்கோடு.

நான் வேண்டுமென்றே நல்ல டைரக்டராக இருக்கவில்லை. "டூ ரெடி" என்று சொல்லிவிட்டு பதினைந்து நொடி சும்மா இருப்பேன். "த்ரீ ரெடி… விடு, ஒன்" என்பேன். எண்ணே சொல்லாமல் "அந்தப் பாடகி" என்பேன். நடுவில் "நாலாவது கேமரா பேட்டரி போச்சு, மறந்தும் போயிடாதே" என்று சொல்லிவிட்டு ஐந்து நிமிஷம் கழித்து நானே மறந்த மாதிரி "ஃபோர் டேக்" என்பேன். அப்போது என்ன செய்யணும் என்று கேட்டால், எனக்கும் ஒரே பதில் இல்லை. "அண்ணா, ஃபோர் இல்லை" என்று இன்டர்காமில் சொல்வதுதான் சரி என்று பேசி முடிவு செய்தோம். பாருங்கள், ஸ்விட்சர் வேலையில் வாயும் சேர்ந்திருக்கு. அதை எந்த சிமுலேட்டர் மெனுவிலும் பார்க்க முடியாது.

முதல் நாள் பாதிக்கு மேல் "ரெடி"க்கே கட் விழுந்தது. ரிக்கார்டிங்கைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார். ஒரு வாரத்தில் விரல் பிரிவியூவில் போய் நிற்கப் பழகியது. இரண்டாவது வாரத்தில் நான் "விடு" என்றால் பதறாமல் அடுத்த எண்ணுக்குப் போனார். நான் கற்றுக்கொண்டதும் ஒன்று உண்டு. என் சொந்த ரிக்கார்டிங்கைக் கேட்டபோது, நான் டைரக்ட் பண்ணும்போது எவ்வளவு குழப்பமாகச் சொல்கிறேன் என்று தெரிந்தது. சில சமயம் "ரெடி", சில சமயம் "கமிங்", சில சமயம் வெறும் "டூ". எங்க டைரக்டர் அண்ணனிடம் இதைப் போட்டுக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நானும் இப்படித்தான் சொல்றேனா?" என்றார். ஆமாம் என்று சொல்லக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருந்தது. ரிசப்ஷனில் நடந்த தப்பு முழுக்க அந்தப் பெண்ணுடையது இல்லை என்பதை அன்றைக்குத்தான் குழு ஒத்துக்கொண்டது.

செய்பவர்களிடம் ஒரு கோரிக்கை

இந்த முறைக்கும் எல்லை உண்டு, மறைக்க விரும்பவில்லை. கேமராமேன் சண்டை போட மாட்டார், ஜெனரேட்டர் நிற்காது, வியர்க்காது. எதுவும் நிஜமாகக் கெட்டுப்போகாது என்று உள்மனசுக்குத் தெரியும். அதை எந்தப் பயிற்சியாலும் சரிக்கட்ட முடியாது. இரண்டு பேர் தேவை என்பதும் ஒரு சிக்கல். தனியாக ஒரு ஊரில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் ஒருவருக்கு அடுத்த அறையில் பேச யார் இருக்கா?

அங்கேதான் சிமுலேட்டர் செய்பவர்கள் உதவலாம். பேனல் அனுப்பும் ஒவ்வொரு கட்டளையும் அந்தப் புரோகிராம் வழியாகத்தான் போகுது. எந்த நொடியில் எந்தப் பட்டன் என்று அதற்குத் தெரியும். அதோடு ஒரு டைரக்டரின் குரல் ரிக்கார்டிங்கைச் சேர்த்து ஓடவிட்டு, எந்த "டேக்"குக்கு எத்தனை ஃபிரேம் கழித்து கட் விழுந்தது, எந்த "ரெடி"க்கு அவசரப்பட்டது என்று கடைசியில் ஒரு பட்டியல் கொடுக்கலாம். கஷ்டமான தொழில்நுட்பம் எதுவும் இதில் இல்லை. பல ஊர் டைரக்டர்களின் பேச்சு வழக்கில் பத்துப் பதினைந்து ரிக்கார்டிங் இருந்தால் போதும், ஒரு புதியவர் முதல் நாளில் இவ்வளவு அடி வாங்க மாட்டார். இதைவிட்டு ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் இன்னும் நாலு கீயர், இன்னும் ஒரு மெனு என்று சேர்த்துக்கொண்டே போவது பெட்டி விற்பவர்களுக்கு உதவலாம், கற்றுக்கொள்பவருக்கு இல்லை.

அதே மாதிரி, சிமுலேட்டரில் பழகிட்டேன் என்று வருபவரை வேலைக்கு எடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்லணும். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று தள்ளிவிடாதீர்கள். அமைப்பு வேலையை நம்பிக் கொடுக்கலாம், பெரும்பாலும் நம்மைவிட நன்றாகச் செய்வார். எல்லாம் தெரியும் என்று நம்பி நேராக இருக்கையிலும் தள்ளாதீர்கள். நான் செய்தது அந்த இரண்டாவது தப்பு.

போன மாசம் ஒரு வளைகாப்பு. மூன்று கேமராதான், எல்இடி வால் இல்லை, லைவ் மட்டும். டைரக்டர் அண்ணன் ஆரம்பிக்கும் முன்னாடியே இன்டர்காமில் சொல்லிவிட்டார்: "ரெடின்னா பிரிவியூ, டேக்னாதான் கட். நான் மாத்திச் சொன்னா எல்லாரும் என்னைத் திட்டலாம்." அவர் நாற்பது நிமிஷம் அடித்தார். ஒரு இடத்தில் வளையல் போடும் கையை விட்டுவிட்டு வைடுக்குப் போனது சரியில்லை, அது டைரக்டர் சொன்னதுதான் என்றாலும் எனக்குப் பிடிக்கவில்லை. முடிந்ததும் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு என்னிடம் கேட்டார்: "அண்ணா, 'விடு'ன்னு ஒரு தடவைகூட வரலையே, ஏன்?"

லேப்டாப் இன்னும் சாப்பாட்டு மேசையில்தான் இருக்கு. இப்போது கேபிள் சுற்றும் பையன் ஒருத்தன் வந்து உட்காருகிறான். அடுத்த அறையில் இருந்து போனில் பேசுவது நான் இல்லை, அந்தப் பெண்.